விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன

அலுவலகத்தில் எல்லோரும் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் படித்தது தாவரவியல். ஊசி என்றால் அவளுக்கே பயம். அந்தப் பெண்கள் வார இதழின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் வரும் அந்தரங்கக் கேள்விகளுக்கு ஒன்பது வருடமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள், பட்டம் வந்த வழி அதுதான்.

பக்கத்தின் மேல் மூலையில் ஒரு டாக்டர் அம்மாவின் படம் இருக்கும். நரைத்த தலை, வட்டக் கண்ணாடி, எதைச் சொன்னாலும் கோபப்பட மாட்டேன் என்கிற சிரிப்பு. அந்த அம்மாள் யார் என்று யாருக்கும் தெரியாது. எப்போதோ மூடிப்போன ஒரு கண்ணாடிக் கடையின் விளம்பரத்திலிருந்து வெட்டி எடுத்த முகம் அது. அந்த முகத்தை நம்பித்தான் வாரம் நாற்பது ஐம்பது பெண்கள் எழுதினார்கள். ‘உங்களைப் பார்த்தால் என் பெரியம்மா மாதிரி இருக்கிறது, அதனால்தான் இதைச் சொல்கிறேன்’ என்று தொடங்கி, சொந்தப் பெரியம்மாவிடம் சொல்ல முடியாததையெல்லாம் எழுதினார்கள். படம் முழுப் பொய், கடிதங்கள் முழு உண்மை. நடுவில் உட்கார்ந்து இவள் இரண்டுக்கும் பாலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக்கு மூன்று சட்டங்கள் உண்டு. எழுதியவளை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகக் கணவனின் வேலை, கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகள் என்ற மூன்று விவரங்களையும் மாற்றிவிட வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்று போடுவார்கள். பதில் எட்டு வரியைத் தாண்டக் கூடாது. மூன்றாவது சட்டம் ஆசிரியர் தன் கையாலேயே எழுதி அவள் மேசையில் ஒட்டிவைத்தது. பதில் எதுவானாலும் கடைசி வரி, ‘அன்போடு அனுசரித்துப் போங்கள், எல்லாம் சரியாகும்.’ யார் அனுசரித்துப் போக வேண்டும் என்று அந்த வரியில் இருக்காது. இருக்கவும் தேவையில்லை. படிக்கிறவளுக்குத் தெரியாதா என்ன!

எதிர்ப் பக்கத்தில், கணவரைக் கவர ஏழு வழிகள். மாதம் ஒருமுறை தவறாமல் வரும். இதுவரை எழுநூறு வழியாவது சொல்லியிருப்பார்கள். மனைவியைக் கவர ஒரு வழி, ஒரே ஒரு வழி, மருந்துக்குக்கூட வந்ததில்லை. அவளை எதற்குக் கவர வேண்டும், அவள்தான் வீட்டிலேயே இருக்கிறாளே.

இனி அவள் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லவர். குடி கிடையாது, குரலை உயர்த்திப் பேச்சு கிடையாது. அவளுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையும் வெந்நீருமாகப் பக்கத்தில் நிற்பார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகளிடம் ஒருநாள் விடாமல் போனில் பேசுவார். லிஃப்டில் ஏறினால், அது மூன்றாவது மாடியைத் தாண்டுவதற்குள் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஊரில் அவருக்கு அப்படி ஒரு பெயர்.

மனைவி பத்திரிகையில் எழுத்துப்பிழை திருத்துகிறாள் என்பதுதான் அவருக்குத் தெரியும். நாற்பத்திரண்டாம் பக்கம் அவளுடையது என்று அவள் சொல்லவில்லை. முதல் வாரமே சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். முதல் வாரம் விட்டதை ஒன்பதாம் வருடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஒரு வியாழக்கிழமை. நான்கு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். மூன்றரைக்கு ஆசிரியர் ஒரு கடிதத்தைத் தூக்கிவிட்டார். கணவனை இழந்த அறுபது வயதுப் பெண் ஒருத்தி, தனக்கு ஒரு துணை வேண்டும், தனிமைக்காக மட்டுமல்ல என்று எழுதியிருந்தாள்.

“அறுபது வயசுல இது என்ன டாக்டர்? விளம்பரம் குடுக்கறவன் படிச்சான்னா நம்ம கதி என்ன?” என்றார் ஆசிரியர். அவருக்கே அறுபத்திரண்டு. போன வருடம்தான் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். அதைச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

ஒரு கேள்வி குறைந்தால் சொந்தமாக ஒன்றை எழுதிப் போடுவது அங்கே வழக்கம். டாக்டருக்கு அது பத்து நிமிட வேலை. மாமியார் தொல்லை, மகனின் காதல், முகப்பரு, ஏதாவது ஒன்று. பக்கம் வடிவமைக்கும் பெண் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது, கல்யாணமாகி நான்கு வருடம், வாயாடி. “சீக்கிரம் டாக்டர், மெஷின்காரன் போன் மேல போன் போடறான்” என்றாள். டாக்டர் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

‘என் கணவர் வங்கி அதிகாரி. நல்லவர். அவர்மேல் சொல்வதற்கு ஒரு குறை கிடையாது. திருமணமாகிப் பதினான்கு வருடங்கள், இரண்டு மகன்கள். இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட அவர் உனக்கு வேண்டுமா என்று கேட்டதில்லை, உனக்கு எப்படி இருந்தது என்றும் கேட்டதில்லை. எல்லாம் முடிந்ததும் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். வேலை முடிந்த இயந்திரத்தைத் தட்டிக்கொடுப்பது போல இருக்கும். அவர் தூங்கிவிடுவார், நான் விழித்திருப்பேன். எனக்கும் ஏதாவது வேண்டும் என்று நினைப்பது தவறா?’

எழுதி முடித்ததும்தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று அவள் படித்துப் பார்த்தாள். மூன்று விவரங்களும் மாறியிருந்தன. ஒன்பது வருடப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே மாற்றியிருந்தன. தோள் தட்டுகிற வரியை மட்டும் அழித்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனாள்.

“ஐயோ, அத எடுக்காதீங்க” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வடிவமைப்புப் பெண்தான், ஆனால் வாயாடியின் குரலாக அது இல்லை. “இந்தத் தட்டுறத எங்கேருந்து புடிச்சீங்க டாக்டர்?”

“சும்மா. கற்பனைதான்.”

“கற்பனையா?” அந்தப் பெண் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க வீட்டுல வந்து பாத்த மாதிரி இருக்கு. இருக்கட்டும் டாக்டர். ப்ளீஸ்.”

இருக்கட்டும் என்று விட்டதுதான் தப்பு. மூன்றை மாற்றியவள் நான்காவதை மாற்றாமல் விட்டாள்.

பதிலையும் ஒரே மூச்சில் எழுதினாள். ‘தவறே இல்லை. பசி, தூக்கம் போல இதுவும் இரண்டு பேருக்கும் உண்டு. உங்கள் கணவர் நல்லவர் என்கிறீர்கள். அப்படியானால் பயப்படாமல் அவரிடம் சொல்லுங்கள். சொல்லாதது யாருக்கும் கேட்காது. உனக்கு என்ன பிடிக்கும் என்று அவரை ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். நல்லவர் என்றால் கேட்பார்.’ எட்டு வரி சரியாக முடிந்தது.

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். “கடைசி வரி எங்க டாக்டர்? அனுசரிச்சுப் போங்க?”

“இடம் இல்ல சார்” என்றாள் வடிவமைப்புப் பெண், கண்ணிமைக்காமல். டாக்டர் அம்மாவின் படத்தை இரண்டு விரற்கடை பெரிதாக்கி அவள்தான் இடத்தை அடைத்திருந்தாள். மணி நான்கடிக்கப் பத்து நிமிடம். ஆசிரியர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இதழ் திங்கட்கிழமை கடைக்கு வந்தது. வீட்டுக்குள் அந்தப் பத்திரிகை வராது. ஆனால் லிஃப்ட் மெக்கானிக் போகாத இடம் ஏது? பல் ஆஸ்பத்திரி, அழகு நிலையம், பிரசவ விடுதி என்று லிஃப்ட் இருக்கிற ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு வரவேற்பறை இருந்தது. ஒவ்வொரு வரவேற்பறையிலும், மேல் அட்டை கிழிந்து, அவர்கள் பத்திரிகை கிடந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு வழியில் இல்லை, வீட்டுக்குள்ளேயே பயம். அவர் மாலையில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைப் பார்ப்பாள். வழக்கமான முகம். “டீ இருக்கா?” என்பார். அன்றைய கண்டம் தாண்டியது என்று அடுப்படிக்குள் போவாள்.

அவர் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும்? அடிக்கிறவர் இல்லை, கத்துகிறவர் இல்லை. ஆனால் அடிபட்டுப் போவார். தன் படுக்கையறையை ஊருக்கே அச்சடித்துக் கொடுத்தவள் பக்கத்தில் மறுபடி எப்படிப் படுப்பார்? பத்தொன்பது வருடம் சண்டையில்லாமல் ஓடிய குடும்பம். அதை எட்டு வரியில் உடைத்துவிட்டோமோ என்று அவள் பயந்தாள். சினிமாவில் இந்த இடம் வந்தால் கேமரா திரைச்சீலைப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அவள் வளர்ந்ததெல்லாம் அந்தத் திரைச்சீலையைப் பார்த்துத்தான். அதற்குப் பின்னால் இருப்பதைப் பேச அவளுக்கோ அவருக்கோ யாரும் சொல்லித் தரவில்லை.

இதற்கிடையில் அலுவலகத்துக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. பத்து நாளில் நூற்றைம்பதைத் தாண்டியது. ‘என் வீட்டை எப்படிப் பார்த்தீர்கள்?’ என்று முக்கால்வாசிப் பேர் கேட்டிருந்தார்கள். ‘எங்கள் வீட்டில் தோள் இல்லை, முதுகு. இரண்டு இல்லை, ஒன்றுதான். சிக்கனமான மனிதர்’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதைப் படித்து டாக்டரும் வடிவமைப்புப் பெண்ணும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் டாக்டர் அந்தக் கடிதத்தை இன்னொரு முறை படித்தாள்.

ஆண்களும் எழுதியிருந்தார்கள். மூன்று பேர், மூன்று வெவ்வேறு ஊர்களிலிருந்து, அது தன் மனைவி எழுதிய கடிதம்தான் என்று சத்தியம் செய்திருந்தார்கள். இரண்டு பேர் கோபமாக. ஒருவர், தபால் அட்டையில், நடுங்கும் எழுத்தில்: ‘அது என் மனைவிதான், நான் மன்னிப்புக் கேட்டதாக அவளிடம் சொல்லவும்.’ டாக்டர் அந்த அட்டையை மட்டும் எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். எங்கெங்கோ இருக்கும் ஆண்கள் தங்களை அந்தக் கேள்விக்குள் அடையாளம் கண்டுகொண்டிருந்தார்கள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை, அவளும் கணவரும் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய போர்வையைத் தனியாக மடிக்க முடியாது. அவர் ஒரு முனையையும் அவள் மறு முனையையும் பிடித்துக்கொண்டு உதறினார்கள்.

“உங்க பத்திரிகையில நாப்பத்திரண்டாம் பக்கம் நீ பாப்பியா?” என்றார்.

அவள் போர்வையை இன்னொரு முறை உதறினாள். “பிழை பாப்பேன். ஏன்?”

“புதன்கிழமை பல் ஆஸ்பத்திரில சாமான் வர்றதுக்காக ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். அங்க கெடந்துது. அதுல ஒரு பொண்ணு எழுதியிருக்கா. பேங்க் ஆபீசர் பொண்டாட்டி. நாலு நாளா மனசே சரியில்ல.”

அவள் போர்வையின் ஓரத்தை நீவினாள்.

“படிச்சவன். நாலு பேரோட பேசிப் பழகற உத்தியோகம். பதினாலு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவகிட்ட கேக்கணும்னு தோணலையா அவனுக்கு? முடிஞ்சதும் தோள்ல தட்டிட்டுத் திரும்பிப் படுத்துக்கறானாம். பொண்டாட்டி என்ன மெஷினா?” அவர் குரல் உண்மையிலேயே கம்மியது. “பாவம்மா அந்தப் பொண்ணு. எப்படித்தான் இருந்தாளோ.”

தப்பித்தோம் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்த நிம்மதி அடங்குவதற்குள் வேறொன்று எழும்பி வந்தது. இந்த மனிதருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது. முகம் தெரியாத ஒருத்திக்காக நாலு நாள் வருந்தியிருக்கிறார். இவளுக்காக ஒரு மணி நேரம் இப்படி வருந்தியதில்லை. அச்சில் வந்த அந்தப் பெண்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. சக்கரத்தில் எண்ணெய் வற்றினால் கேட்கிற காதுக்குப் பக்கத்தில் கிடப்பவளின் விழிப்பு கேட்கவில்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

“ஆமாங்க, பாவம்தான்” என்று சொல்லிப் போர்வையை மடித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கீழே போய் டீ போட்டிருக்கலாம். இன்னும் பத்தொன்பது வருடம் ஓடியிருக்கும், குறையொன்றுமில்லை.

“அத எழுதினது நான்தாங்க” என்றாள்.

“எத? பதிலையா? நீயா எழுதற?”

“ஒம்போது வருஷமா நான்தான் எழுதறேன். அந்தக் கேள்வியும் நான்தான் எழுதினேன்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அட! கேள்வியையும் நீங்களே எழுதிக்குவீங்களா? அப்ப அப்படி ஒரு பொண்ணு இல்லவே இல்லையா? அப்பாடா! நான் ஒருத்தன், நாலு நாளா லூசு மாதிரி...”

“இருக்கா.”

“எங்க?”

“இந்தப் போர்வையோட அந்த முனைய நீங்க புடிச்சிருக்கீங்க. இந்த முனைய அவ புடிச்சிருக்கா.”

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. போக மறந்த சிரிப்பு. பிறகு மெதுவாகச் சொன்னார்: “நான் பேங்க்ல வேலை பாக்கலையே.”

“வேலைய மாத்தினேன்.”

“பதினாலு வருஷம்னு போட்டிருந்துது.”

“பத்தொம்போது.”

“ரெண்டு பசங்கன்னு...”

“ஒரு பொண்ணு.”

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். போர்வையின் முனையைப் பிடித்திருந்த கை. “அந்தத் தட்டுறது?” என்று கேட்டார். கேட்கும்போதே பதில் தெரிந்த குரல்.

“அத மாத்தல.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். அவர் போர்வையை விடவில்லை, இழுக்கவும் இல்லை.

“நல்லவர்னு எழுதியிருந்தியே” என்றார் கடைசியில்.

“அதையும் மாத்தலைங்க.”

அதற்குத்தான் அவர் கண் கலங்கியது. போர்வையை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தார். போர்வை இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் கிடந்தது. துவைத்த போர்வை தரையில் கிடக்கிறதே என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. எடுக்காமல் நின்றாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். ஊருக்கெல்லாம் சொன்னவள் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பார், அதற்கு அவளிடம் நியாயமான பதில் கிடையாது. அவர் அதைக் கேட்கவில்லை. வேறொன்றுக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் இவ்வளவு வெட்கப்பட்டு அவள் பார்த்ததில்லை.

“பதில்ல ஒண்ணு கேக்கச் சொல்லிப் போட்டிருந்துது” என்றார் தரையைப் பார்த்து.

“ம்.”

“உனக்கு... என்ன புடிக்கும்?”

அவள் வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. ஒன்பது வருடத்தில் ஆயிரத்து முந்நூறு பெண்களுக்குப் பதில் சொன்னவள். அத்தனை பேரிடமும் ‘உங்கள் விருப்பத்தைத் தயங்காமல் சொல்லுங்கள்’ என்று அழகாக எழுதியவள். பிடிக்காததைக் கேட்டிருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பாள். பிடிப்பது எது என்று யாரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எத்தனை பேருக்கு, எவ்வளவு சுலபமாக, இதைச் சொல்லுங்கள் என்று எழுதித் தள்ளியிருக்கிறோம்! அவளுக்குக் காது மடல்வரை வெட்கமாக இருந்தது.

“தெரியலைங்க” என்றாள். “நிஜமாவே எனக்குத் தெரியல.”

அவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். “சரி விடு. ஒண்ணும் அவசரம் இல்ல. மெதுவா யோசிச்சுச் சொல்லு.”

“எந்திரிக்காதீங்க.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “நீங்க எந்திரிச்சுப் போயிட்டா நான் யோசிக்க மாட்டேன். துணி மடிக்கப் போயிடுவேன். அப்புறம் சமையல். அப்புறம் ஆபீஸ். அங்க போயி இன்னொருத்திக்குப் பதில் எழுதுவேன்.”

அவர் உட்கார்ந்தார். அவளும் அதே விளிம்பில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். மோட்டார் நின்றுவிட்டது. கொடியில் மிச்சமிருந்த சட்டைகள் காற்றில் ஆடுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவசரப்படாம இருந்தா புடிக்கும்” என்றாள் வெகு நேரம் கழித்து. “அது ஒண்ணு தெரியும்.”

அவர் தலையை ஆட்டினார். சரி என்று சொல்லி முடித்துவிடவில்லை.

“அப்புறம்?” என்றார்.

அவள் யோசித்தாள். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார்.